கோட்டை இருந்த ஊர்

மதுரைக்குப் போய் வந்தவர்களில் பெரும்பாலோர் மதுரையைப் பார்த்ததில்லை என்று நாம் சொன்னால் நேயர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரயிலடியில் இறங்குகிறோம், ஆட்டோக்காரரோடு பேரம் பேசுகிறோம், அம்மன் சந்நிதியில் கும்பிடுகிறோம், பொற்றாமரைக் குளத்துப் படிகளில் சிறிது உட்காருகிறோம், திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா. அப்புறம் மறுபடியும் ரயில். இந்த முறையில் நாமும் ஏழெட்டுத் தடவை மதுரைக்குப் போய் வந்திருக்கிறோம். "மதுரையா? நமக்கு உள்ளங்கை போல!" என்று பிறரிடம் சொல்லியும் இருக்கிறோம்.

சென்ற மார்கழியில் அந்தப் பெருமைக்குப் பங்கம் வந்தது. மதுரை நண்பர் ஒருவர், "நீங்கள் எங்கள் ஊரைப் பார்த்தது போதாது. ஒரு நாள் காலை எங்கள் சித்திர வாத்தியாரோடு நடந்து பாருங்கள்" என்றார். வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன. யாராவது கேட்டால் ஊரைச் சுற்றிக் காட்டுவார், காசு வாங்குவதில்லை. நிபந்தனைகள் மட்டும் உண்டு. காலை ஆறு மணிக்கு வரவேண்டும், வாகனம் கூடாது, செல்பேசியைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. "கழற்றி மாட்டச் சௌகரியமான செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்.

பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகில், மேற்கு வெளி வீதி ஓரமாக, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். நம் வீட்டாரையும் பத்து வயதுச் சிறுவனையும் பார்த்து, "குழந்தையும் நடப்பானா? பேஷ்!" என்று சொல்லிவிட்டு, தம் பின்னால் இருந்த கல் மேட்டைக் கையால் தட்டினார்.

"ஸார், இந்த ஊர்க் கோட்டையில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்."

நாம் திடுக்கிட்டுப் பார்த்தோம். எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறோம். பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்கு அது கோட்டைக் கொத்தளமாகவா தோன்றும்? பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டு, அதைவிடப் பெரிதாக இரட்டை மதிலும் அகழியுமாக ஒரு கோட்டை கட்டினார். அதற்கு 72 கொத்தளங்கள். கொத்தளம் ஒன்றுக்கு ஒரு பாளையக்காரர் காவல். இப்படி வகுப்பறையில் படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். அதிலே ஒன்று பஸ் நிலையத்தின் பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் எந்த வாத்தியாரும் நமக்குச் சொன்னதில்லை.

"மற்றதெல்லாம் எங்கே போயிற்று?" என்று சிறுவன் கேட்டான்.

"இடித்தாயிற்று, தம்பி. இடித்தவர்கள் எங்கள் ஆட்கள்தாம்" என்றார் வாத்தியார். ஊர்க்காரர்கள் என்று பொதுவாகச் சொல்கிறார் என்று அப்போது நாம் எண்ணிக்கொண்டோம்.

இடித்த கதை விசித்திரமானது. 1834 முதல் 1847 வரை மதுரையில் கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். மதிலுக்குள் ஊர் நெருக்கியடித்துக் கிடந்தது. அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. கோட்டையை இடிக்க வேண்டும், ஆனால் அதற்கு ஆள்பலமும் பணமும் வேண்டுமே? கலெக்டர் ஒரு யுக்தி செய்தார். மதிலில் ஒரு பங்கை இடித்து அந்த மண்ணைக் கொண்டே எதிரே உள்ள அகழியைத் தூர்ப்பவர்களுக்கு, அப்படிக் கிடைக்கும் நிலம் சொந்தம்! பீரங்கிக் குண்டுகளைத் தாங்கிய மதில், மனைக்கட்டு ஆசையைத் தாங்கவில்லை. நில அளவையைக் கவனித்தவர் மாரட் என்ற துரை. வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் என்ற மேஸ்திரி. இன்று மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் ஊரைச் சுற்றி ஓடுகின்றன. ஒரு துரையின் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு மேஸ்திரியின் பெயரும் வீதிக்கு நிலைத்துவிட்டதே, இந்த மாதிரி வேறு ஊரில் நாம் கேட்டதில்லை.

அங்கிருந்து கிழக்கே நடந்தோம். மதுரையின் அமைப்பு நடப்பவனுக்குத்தான் விளங்கும். நடுவிலே கோவில், கோவில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள், வெளியே சித்திரை வீதிகள், அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாக அடுக்கிய இந்த ஊரைத்தான் பரிபாடல் தாமரைப் பூவுக்கு ஒப்பிட்டது.

"சித்திரைத் திருவிழாத் தேர் எந்த வீதியில் ஓடும், சொல் பார்க்கலாம்?" என்று வாத்தியார் சிறுவனைக் கேட்டார்.

"சித்திரை வீதியில்!"

"அதுதான் இல்லை. மாசி வீதியில்."

அம்மன் கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன என்பார்கள். திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவிட்டார். சைவ விழாவும் வைணவ விழாவும் ஒன்றாயின. ஜனங்கள் ஒரே கூட்டமாக வந்து இரண்டையும் பார்த்தார்கள். மாதம் மாறியது, தேர் மட்டும் தன் பழைய வீதியை விடவில்லை.

மேல மாசி வீதியில் ஒரு வீட்டின் முன்னே வாத்தியார் செருப்பைக் கழற்றினார். கீழே கதர் விற்பனை நிலையம். மாடியில் ஒரு சாதாரண அறை. 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி காந்தி மகான் சட்டையையும் குல்லாயையும் துறந்து, முழங்கால் அளவு அரைத்துணியோடு வெளியே வந்தது இந்த வீட்டிலிருந்துதான். அப்போது இது ஒரு குஜராத்தி வியாபாரியின் வீடு. மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் இருந்தவர்களிடம் கதரைப் பற்றிப் பேசியபோது, கதர் வாங்கத் தங்களுக்கு வசதி இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சு அவர் மனத்தில் தைத்தது. ஏழைக்கு இல்லாத உடை தமக்கும் வேண்டாம் என்று தீர்மானித்தார். பிற்பாடு லண்டனில் சக்கரவர்த்தியின் மாளிகைக்கும் அதே கோலத்தில் அல்லவா போனார்!

நாம் போன நேரத்தில் கடை திறக்கவில்லை. காவல்காரர் வாத்தியாரின் பழைய மாணவர். "வாங்க ஸார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மாடிப்படியில் ஏறும்போது நம்முடைய மேலங்கி சற்றுக் கனமாகவே தோன்றியது. சிறுவன் அந்த அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அவருக்குக் குளிராதா?" என்று மட்டும் கேட்டான். மார்கழிக் காலையில் இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. எவரும் பதில் சொல்லவில்லை.

சித்திரை வீதிக்கு வந்ததும் வாத்தியாரின் குரல் தணிந்தது. காந்திஜி மதுரைக்குப் பல தடவை வந்தும் இந்தக் கோவிலுக்குள் போகவில்லை. ஹரிஜனங்களுக்குத் திறக்காத வாசல் தமக்கும் வேண்டாம் என்று இருந்தார். 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதையர் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். 1946-ல் காந்திஜியும் வந்து தரிசனம் செய்தார். இவ்வளவும் நாம் அறிந்ததுதான். அடுத்து வாத்தியார் சொன்னதை நாம் எதிர்பார்க்கவில்லை.

"எங்கள் தாத்தா அந்த வருஷத்துக்கு அப்புறம் ரொம்ப நாள் கோவிலுக்கு வரவில்லை, ஸார். கோவில் தீட்டாகிவிட்டது என்று சொல்லி வீட்டிலேயே பூஜை பண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா அவருக்குத் தெரியாமல் வந்து போவார். ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன் இதையும் காட்ட வேண்டுமே."

புகழ்ச்சியை மட்டும் ஒப்பிக்கும் வழிகாட்டிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இந்தப் பேச்சுக்குப் பிறகு வாத்தியார் சொல்வதில் நமக்கு ஒரு தனி நம்பிக்கை பிறந்தது.

கீழைக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். புது என்று பெயரே தவிர, திருமலை நாயக்கர் கட்டி நானூறு வருஷம் ஆகப் போகிறது. தூணுக்குத் தூண் சிற்பம். நாயக்க மன்னர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். நம் இளமையில் இங்கே மன்னர்களைப் பார்க்க முடியாது. தையல் மிஷின்களும், பாத்திரக் கடைகளும், சோப்புச் சம்படம் முதல் பஞ்சாங்கம் வரை விற்கும் கடைகளுமாக மண்டபம் நிறைந்திருக்கும். யாளியின் காலடியில் உட்கார்ந்து தையற்காரர் அளவு எடுப்பார். 2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீ கடைகளை எரித்து, கல் தூண்களையும் வெடிக்கச் செய்தது. அதன் பிறகு கோவிலைச் சேர்ந்த கடைகளை அப்புறப்படுத்தும் ஏற்பாடு நடந்து, புதுமண்டபக் கடைகளும் குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் போயின.

நல்ல காரியம் என்றுதான் நாம் சொல்வோம். எரிந்த தூணை யார் திருப்பித் தர முடியும்? ஆனாலும் மிஷின் சத்தம் இல்லாத புதுமண்டபத்தில் நிற்கும்போது, கல்யாண வீட்டில் மறுநாள் நிற்பது போல் இருந்தது. "என் முதல் அரைக்கால் சட்டை இந்தத் தூணடியில் தைத்தது" என்று வாத்தியார் ஒரு தூணைத் தடவிக் கொடுத்தார்.

அதற்குக் கிழக்கே ராயகோபுரம், முடியாத கோபுரம். நிலைக்கல் இரண்டும் வானத்தை நோக்கி நிற்கின்றன. மேலே ஒன்றும் இல்லை. மற்றக் கோபுரங்களைவிட அகலமாக அடித்தளம் போட்டார் நாயக்கர்; கட்டி முடிக்கக் காலம் இடம் கொடுக்கவில்லை. பக்கத்திலே எழுகடல் தெரு. மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலை கடலாட விரும்பியபோது, ஏழு கடலையும் ஈசன் இங்கே வரவழைத்தார் என்பது புராணம். குளம் எங்கே என்று தேடாதீர்கள். இருந்த இடத்தில் இப்போது கடைக் கட்டடம். ஏழு கடலையும் வற்றச் செய்ய அகஸ்தியர் வர வேண்டியதில்லை போலும்!

விளக்குத்தூண் அருகே வெயில் ஏறிவிட்டது. கோட்டையை இடித்த பிளாக்பர்ன் துரைக்கு ஜனங்கள் நன்றியோடு எழுப்பிய தூண்தான் அது. மதுரையில் புடவை வாங்கிய ஒவ்வொருவரும் அந்தப் பெயரை உச்சரித்திருக்கிறார்கள். அது யாருக்காக நிற்கிறது என்று கேட்டவர்கள் சிலர்தான்.

அங்கிருந்து ஜவுளிக் கடைகள் நெருங்கிய ஒரு சந்துக்குள் வாத்தியார் புகுந்தார். "மேலே பாருங்கள்" என்றார். பார்த்தோம். தொங்கும் துணிகளுக்கும் மின்சாரக் கம்பிகளுக்கும் மேலே, பிரம்மாண்டமான தூண்கள் வரிசையாக எழுந்து நின்றன. விதானம் இல்லை; சுவர் இல்லை; வெறும் தூண்கள். எண்ணினான் சிறுவன், பத்து. இந்தச் சந்துக்குப் பெயரே பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதி இங்கே இருந்தது. 1636-ல் கட்டிய அந்த அரண்மனையை, அவருடைய பேரன் சொக்கநாதரே பிரித்துச் சாமான்களைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். கொண்டுபோக முடியாத பத்துத் தூண்களின் கீழே சௌராஷ்டிரரும் பிறரும் ஜவுளி விற்கிறார்கள். மீதியிருந்த மகாலை 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். மகாலைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பத்துத்தூண் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"காபி சாப்பிடாமல் போகக் கூடாது" என்று வாத்தியார் தெற்கு மாரட் வீதியில் இருந்த தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். நீண்டு ஒடுங்கிய பழைய வீடு. திண்ணை, ரேழி, நடுவில் சிறு முற்றம். வாத்தியாரின் மனைவி, "வாங்கோ, பையன் முகம் வாடிப்போச்சே" என்று சிறுவனுக்குப் பால் கொண்டுவந்தார். முற்றத்து ஓரத்தில், சுவரோடு சேராத ஒரு பெரிய கருங்கல் கிடந்தது. சிறுவன் அதன்மேல் போய் உட்கார்ந்தான்.

"அதுதான், ஸார், கோட்டைக் கல்" என்றார் வாத்தியார்.

அவருடைய முன்னோர் ஒருவர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலின் ஒரு பங்கை இடித்து அகழியைத் தூர்த்து இந்த மனையைப் பெற்றாராம். இடித்த கல்லில் ஒன்றை வீட்டுக்குள் போட்டு வைத்தார். அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லி வருவது இது. கோட்டையை இடித்தவர்கள் "எங்கள் ஆட்கள்தாம்" என்று காலையில் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

"தை பிறந்ததும் வீட்டை இடிக்கிறார்கள்" என்று அவரே தொடர்ந்தார். பிள்ளைகள் இருவரும் பெங்களூரில். வீட்டை வாங்கியவர் நாலு மாடிக் கடை கட்டப் போகிறார். விலையில் குறை இல்லை. வாங்கியவரும் மரியாதையான மனிதர். "என் பாட்டன் கோட்டையை இடித்தான், நான் வீட்டை விற்றேன். யாரைக் குறை சொல்வது? இந்தக் கல்லைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. இதை வைத்துக் காப்பாற்றுங்கள் என்று ஓர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை."

"பெங்களூரில் மூணாம் மாடியில் கல்லை எங்கே போடறது?" என்று உள்ளேயிருந்து அம்மாள் குரல் கொடுத்தார்.

நமக்கு ஒரு யோசனையும் தோன்றவில்லை. நம்முடைய வீட்டில் இடம் உண்டா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கல்லின் எடையை நினைத்ததும் அதுவும் நின்றது. வாத்தியார் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அவ்வளவும் அந்த வீடு. தூண் போதிகை, நிலைப்படி, அடுக்களை ஜன்னல், உத்தரத்தில் தொங்கும் ஊஞ்சல் வளையம். ஒவ்வொன்றையும் பென்ஸிலால் வரைந்து, கீழே அடி அங்குலக் கணக்கும் எழுதியிருந்தார். கல் மட்டும் இன்னும் வரையவில்லையாம்.

பேசிக்கொண்டே ஒரு புதிய பக்கத்தைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாலைக் குடித்துவிட்டுச் சிறுவன் எழுந்திருக்கப் போனான்.

"தம்பி, அப்படியே இரு. அசையாதே" என்றார் வாத்தியார். "அளவு தெரிய ஓர் ஆள் வேண்டும்."