மின்னஞ்சல் வழிப் பாத்திரமேற்பு ஆட்ட மென்பொருட்கள்

மின்னஞ்சல் வழிப் பாத்திரமேற்பு ஆட்ட மென்பொருட்கள் என்பவை, வெவ்வேறு ஊர்களில் இருப்போர் மின்னஞ்சல் வாயிலாகக் கதை ஆட்டங்களை ஆட உதவும் கணினி நிரல்கள் ஆகும். இவ்வாட்டங்களில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் செய்வதைக் கூறுவார். நடுவர் கதையை நடத்துவார். ஐயத்திற்குரிய செயல்களின் வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்யும்.

வரலாறு

1959இல் அலன் கலாமர் வெளியிட்ட டிப்ளமசி என்னும் உத்தி ஆட்டம் 1963 முதல் அஞ்சலில் ஆடப்பட்டது. அமெரிக்கரான ரிக் லூமிஸ் 1970இல் அஞ்சல் வழி ஆட்டங்களை நடத்தத் தொடங்கினார். அவருடைய பிளையிங் பஃபலோ நிறுவனம் முடிவுகளைக் கணிக்கக் கணினியைப் பயன்படுத்தியது. முதல் வணிகப் பாத்திரமேற்பு ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. பின்னர் கென் லோ எழுதிய நிரல், டிப்ளமசி ஆட்டத்தை மின்னஞ்சலில் மனித நடுவர் இன்றியே நடத்தியது. 1993இல் ரசல் வாலசு உருவாக்கிய அட்லாண்டிசு, பலர் ஆடும் கற்பனை உலக ஆட்டமாகும்.

இயங்கும் முறை

எடுத்துக்காட்டாக, 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைக் கைப்பற்றிய நிகழ்வை ஆட்டமாக்குவதாகக் கொள்வோம். நடுவர் சிதம்பரத்திலும் ஆட்டக்காரர்கள் கடலூரிலும் உள்ளனர். ஒவ்வொருவரும் தம் கட்டளைகளைக் குறித்த நாளுக்குள், குறித்த வடிவில் அனுப்புவர். மென்பொருள் கடவுச்சொல்லைச் சரிபார்த்து, பிழையான கட்டளைகளைத் திருப்பி அனுப்பும். காலக்கெடு முடிந்ததும் அனைத்தையும் ஒருசேரக் கணித்து, அவரவர் அறியத்தக்கதை மட்டும் அவரவர்க்கு அனுப்பும். கெடிலம் ஆற்றின் மறுகரையில் நிற்கும் படை, கோட்டைக்குள் இருப்பவரின் அறிக்கையில் இடம்பெறாது.

உரையாடலும் கதைப்போக்கும் மிகுந்த ஆட்டங்களில் நடுவரின் இடத்தை இந்நிரல்கள் நிரப்புவதில்லை. கணக்கு, பதிவேடு, நினைவூட்டல் ஆகிய சுமைகளையே அவை குறைக்கின்றன.

பகடையும் நம்பிக்கையும்

திண்ணையில் உருளும் தாயக்கட்டையை எதிராளி கண்ணால் காண்கிறார். மின்னஞ்சலில், "ஆறு விழுந்தது" என்பவரை நம்புவது எங்ஙனம்? இதற்கு இரு தீர்வுகள் உள்ளன.

* பகடை வழங்கி: பொதுவான கணினி ஒன்று பகடையை உருட்டி, முடிவை இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும். இங்கு வழங்கியை நடத்துபவரை நம்ப வேண்டும்.
* மறைகுறி முறை: இருவரும் மிகப் பெரிய எண் ஒன்றைத் தற்செயலாகத் தெரிந்து, அதிலிருந்து கணித்த குறியை மட்டும் முதலில் பரிமாறுவர். குறியிலிருந்து எண்ணைக் கண்டறிவது நடைமுறையில் இயலாது. பின்னர் எண்களை வெளியிட்டு, குறியுடன் ஒப்பிடுவர். கூட்டுத்தொகையை 6ஆல் வகுத்து, மீதியுடன் 1 கூட்டினால் பகடை எண் கிடைக்கும். எண்ணைப் பின்னர் மாற்றினால் குறி பொருந்தாது. இதன் அடிப்படைக் கருத்தை, தொலைபேசியில் நாணயம் சுண்டுதல் பற்றிய தம் ஆய்வில் மானுவல் புளும் 1981இல் விளக்கினார்.

தமிழில்

ஆங்கிலமல்லாத எழுத்துக்களை மின்னஞ்சலில் அனுப்பும் மைம் சீர்தரம் 1992இல் வெளியானது. எனினும் தமிழுக்குத் தகுதரம், தாப் எனப் பல குறியாக்கங்கள் வழங்கியதால், உரிய எழுத்துரு இல்லாதவர்க்கு மடல் புரியாத குறிகளாகவே தெரிந்தது. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ்க் கட்டளைச் சொற்களை நிரல் பிழையின்றி அறிவது எளிதாயிற்று.

இன்று இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலும் அரட்டைச் செயலிகளுக்கு இடம்பெயர்ந்துள்ளன. அங்குப் பகடை உருட்டும் நிரல்கள் பழைய பகடை வழங்கிகளின் பணியையே செய்கின்றன.