உடன்வரும் திறன்கள்

கொள்முதல் என்பது பொருள் வாங்குதல் மட்டுமன்று. தேவையைக் கணித்தல், விலைப்புள்ளிகளை ஒப்பிடுதல், தரம் ஆராய்தல், பேசி உடன்பாடு காணுதல், கணக்கில் நேர்மை காத்தல் ஆகியன அதன் அடிப்படைத் திறன்கள். இவை பிற துறைகளுக்கும் பொதுவானவை.

தொழிற்பொறியியல் பயின்ற டிம் குக், காம்பாக் கணினி நிறுவனத்தில் பொருள் கொள்முதலையும் இருப்பையும் மேற்பார்வையிட்டவர். 1998இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து, மாதக்கணக்கில் தேங்கிய இருப்பை நாள்கணக்காகக் குறைத்தார்; 2011இல் அதன் தலைமைச் செயல் அலுவலரானார். கொள்முதலில் பெற்ற திறன் நிருவாகத்திற்கும் துணைநின்றது.

இத்துறையில் புகுவோர்க்கும் இது பொருந்தும். விடுதியின் மளிகைக் கணக்கை எழுதும் மாணவரும், பெற்றோரின் கடையில் சரக்கு சரிபார்க்கும் மாணவரும் அதற்கான பயிற்சியை இன்றே பெறுகின்றனர். எனவே, எப்பணி கிடைக்குமோ என அஞ்ச வேண்டா. செய்யும் பணியில் எத்திறன் வளர்கிறது என எண்ணிப்பார்ப்போம்.