பள்ளிகளை ஒப்பிடும் முறை

பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் பக்கத்து ஊர்ப் பள்ளியையும் நம் ஊர்ப் பள்ளியையும் ஒப்பிட்டுப் பேசுவது கிராமங்களில் வழக்கம். இவ்வொப்பீடு விரும்பத்தக்கதே. ஆயினும், அதனை முறையறிந்து செய்தல் வேண்டும்.

2024-ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் திருப்பூர் மாவட்டம் 97.45 விழுக்காடு தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. மாநிலத்தின் தேர்ச்சி 94.56 விழுக்காடு. நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது. எனினும், தேர்ச்சிக் கணக்கில் தேர்வு எழுதியோர் மட்டுமே அடங்குவர். இடையில் நின்றுவிட்ட பிள்ளைகள் அதில் இடம் பெறுவதில்லை.

எடுத்துக்காட்டாக, இரு பள்ளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதற் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வை 12 பேர் எழுதினர். 12 பேரும் தேறினர். தேர்ச்சி 100 விழுக்காடு. இரண்டாம் பள்ளியில் 25 பேர் எழுதி 22 பேர் தேறினர். தேர்ச்சி 88 விழுக்காடு. முதற் பள்ளியே சிறந்தது எனத் தோன்றும். ஆனால், இதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது முதற் பள்ளியில் 20 பேரும், இரண்டாவதில் 26 பேரும் இருந்தனர் எனக் கொள்வோம். சேர்ந்தவர்களுள் தேறியவர்கள் முதற் பள்ளியில் 60 விழுக்காடு. இரண்டாவதில் ஏறத்தாழ 85 விழுக்காடு.

விடுபட்ட எட்டுப் பேர் எங்கே? மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளியில் சேர்ந்திருப்பின், அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டவோ கைமடிக்கவோ சென்றிருப்பின், அது ஊருக்கு இழப்பாகும். வாரக் கூலி கைக்கு வரும் பகுதியில் இவ்வபாயம் மிகுதி. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே கட்டாயக் கல்வியை வகுத்துள்ளது. அதன்பின் பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டுவது பெற்றோரையும் ஊரையும் பொறுத்ததாகும்.

மேலும் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். 12 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினாலே தேர்ச்சி எட்டு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். ஆதலின், ஓராண்டு முடிவைக் கொண்டு ஆசிரியரைப் பழித்தல் முறையன்று. மூன்றாண்டு முடிவுகளைச் சேர்த்து நோக்குதல் நன்று. அன்றியும், பிழைப்பு நாடி ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வந்து சேர்கின்றனர். தமிழை எழுத்திலிருந்து தொடங்கும் அப்பிள்ளைகளை ஏற்றுக் கற்பிக்கும் பள்ளியின் உழைப்பு விழுக்காட்டில் தெரியாது.

எனவே, தலைமையாசிரியரிடம் நான்கு கணக்குகளைக் கேட்டறிவோம்: ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர்? மாற்றுச் சான்றிதழ் பெற்றோர் எத்தனை பேர்? தேர்வு எழுதியோர் எத்தனை பேர்? தேறியோர் எத்தனை பேர்? பெற்றோர் முக்கால் பங்கினராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் இவற்றை ஆராய்ந்து, ஆகஸ்டு 15 கிராம சபையில் ஊரார் முன் வைக்கலாம். விடுபட்ட பிள்ளையின் வீட்டுக்கு உறுப்பினர்கள் நேரில் சென்று பேசுவார்களாயின், ஒப்பிட்டதன் பயன் கைகூடும்.