ஒரு சிவப்புப் புள்ளிக்குள் 35 ஏக்கர்

மாசி, பங்குனியில் மலை காய்ந்துவிட்டால் அல்லிநகரத்து மொட்டை மாடியில் நின்றாலே போதும், இரவில் மேற்கு மலையில் நெருப்பு ஊர்வது தெரியும். அதே நெருப்பை இப்போது கைபேசியிலும் பார்க்கலாம். நாசா இலவசமாக வெளியிடும் தீ வரைபடத்தில் போடி, குரங்கணி, மேகமலைப் பகுதிகளின் மேல் சிவப்புப் புள்ளிகள் விழுந்து கிடக்கும். இந்திய வன ஆய்வு நிறுவனமும் 2004 முதல் இத்தகைய செயற்கைக்கோள் தரவிலிருந்து வனத்துறைக்குத் தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. புள்ளியைப் பார்க்கிறவருக்கு, சரியாக அந்த இடத்தில், இந்த நிமிடம் தீ எரிகிறது என்றே தோன்றும். ஆனால் அந்தப் புள்ளி அப்படிச் சொல்லவில்லை.

2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளில் உள்ள கருவி தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் வரும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. ஒரு கட்டம் 375 மீட்டருக்கு 375 மீட்டர். அதாவது 14 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 35 ஏக்கர். சுற்றியுள்ள கட்டங்களைவிட ஒன்று வழக்கத்துக்கு மீறிச் சூடாக இருந்தால், கணினி அதன் நடுவில் ஒரு புள்ளி வைக்கிறது. எரிவது அந்த 35 ஏக்கரின் ஒரு மூலையில் இருக்கும் ஒரே ஒரு புதராக இருக்கலாம். முழுச் சரிவாகவும் இருக்கலாம். புள்ளி இரண்டுக்கும் ஒன்றுதான். பழைய மோடிஸ் கருவியில் கட்டம் இன்னும் பெரிது, ஒரு கிலோமீட்டர். புள்ளி ஒன்றுக்கு 250 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். சுவோமி என்பிபி நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியும். பிற்பகல் மூன்று மணிக்குப் பற்றி இரவு பத்து மணிக்குள் அணைந்த தீ அதன் கணக்கில் இல்லை. மேகம் மறைத்த தீயும் இல்லை. வெயிலில் கொதிக்கும் வெறும் பாறை சில சமயம் தீயாகப் பதிவாகிவிடுவதும் உண்டு.

இதனால் அந்த வரைபடம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆள் போக முடியாத மலையில் இரவு நேரத்தில் தீயைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி சுலபத்தில் கிடைக்காது. என் வாதம் வேறு. விஞ்ஞானத் தரவைப் படமாக்கினால்தான் அது புரியும். படமாக்கும்போதே அளந்ததோடு ஊகித்ததும் கலந்துவிடும். எது அளவு, எது ஊகம் என்று பிரித்துக் காட்டாத படம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. மீதிப் பாதியைப் பார்க்கிறவர் தலையில் கட்டிவிடுகிறது, அதுவும் அவருக்குத் தெரியாமலே.

முதலில், படம் எதற்கு, அட்டவணை போதாதா என்ற கேள்வி. புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973-இல் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரி ஒன்று, சிதறல் ஒன்று, இரண்டு அளவுகளுக்கும் உள்ள தொடர்பின் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணமாகச் சிதறிய சாய்கோடு, ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி தறிகெட்டு நிற்கிறது, இன்னொன்று செங்குத்தாக அடுக்கி வைத்ததுபோல. எண்களை மட்டும் கூட்டிக் கழித்தவருக்கு இந்த நான்கும் ஒன்றுதான். ஓசோன் ஓட்டையின் கதை இதைவிடப் பெரிய பாடம். அண்டார்டிகாவின் மேல் ஓசோன் சரிந்துவிட்டதை 1985-இல் அறிவித்தவர்கள் ஜோசப் ஃபார்மன் உள்ளிட்ட பிரிட்டன் ஆய்வாளர்கள். அவர்கள் வைத்திருந்தது தரையிலிருந்து அளக்கும் பழைய கருவி. நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அதே சரிவை மேலிருந்து அளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் கீழே வரும் ஓசோன் அளவைச் சந்தேகத்துக்குரியது என்று ஒதுக்கிக் குறிக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தரவைத் தென்துருவத்தை நடுவில் வைத்து வரைந்து வெளியிட்ட பிறகு உலகமே அதை ஓட்டை என்று அழைக்கத் தொடங்கியது. எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும், மனிதக் கண் எதற்கு என்று இன்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். எதிர்பாராததைத் தேடும்படி இயந்திரத்துக்கு நாம் முன்கூட்டியே சொல்லிவைக்க முடியாது.

ஆனால் கண்ணும் சுலபமாக ஏமாறக்கூடியது. நிறத்தை எடுத்துக்கொள்வோம். மழை, வெப்பம், காற்று என்று எதை வரைந்தாலும் வானவில் நிறங்களைப் பூசுவது நெடுநாள் பழக்கம். வானவில்லில் மஞ்சள் பளிச்சென்று தெரியும். அது நடுத்தர அளவைக் குறித்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையில் தரவில் இல்லாத ஓர் எல்லைக்கோட்டைக் கண் தானாகவே போட்டுக்கொள்ளும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அதில் பாதி வீண். ஹார்வர்டில் மிஷெல் போர்க்கின் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இதயத் தமனிகளில் நோய் வரக்கூடிய இடங்களைக் கணினிப் படத்தில் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வழக்கமான முப்பரிமாண வானவில் படத்தில், இருந்த இடங்களில் 39 சதவீதத்தைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தமனியைத் தட்டையாக விரித்து, நிறத்தையும் மாற்றியபோது 91 சதவீதம். தரவு ஒன்றுதான். பார்த்தவர்களும் மருத்துவம் படிப்பவர்கள்தான். முப்பரிமாணம் என்றாலே உயர்வு என்ற நம்பிக்கையும் இதில் அடிபட்டுப்போகிறது.

முப்பரிமாணம் தேவைப்படும் இடம் வேறு. அது நம் மலைதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் வந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். தட்டையான வரைபடத்தில் அந்த இடம் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். நெருப்போ தட்டையாகப் போவதில்லை. சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் பல காலமாகப் புழங்கும் கணக்கு. குரங்கணியிலிருந்து கொழுக்குமலை வரை ஏறும் சரிவில், எங்கே எரிகிறது என்பதைவிட, எரிவதற்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்குத் தீப்புள்ளியை நில உயரத் தரவின் மேல் போர்த்திப் பார்க்க வேண்டும். இஸ்ரோவின் புவன் தளத்தில் உயரத் தரவு இருக்கிறது. அமெரிக்க விண்ணோடம் 2000-இல் ரேடாரால் அளந்த 30 மீட்டர் கட்டத் தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. 30 மீட்டர் கட்டத்தில் அதைவிடக் குறுகலான ஓடையோ பாறை வெடிப்போ தெரியாது. ஓடி ஒதுங்க இடம் தேடுகிறவருக்கு வேண்டியது அந்த ஓடைதான்.

படத்தில் எதுவும் இல்லாத இடமும் இதே அளவு ஏமாற்றும். வானிலை ரேடார் படத்தில் கம்பம் பள்ளத்தாக்கு வெறுமையாக இருந்தால் மழை இல்லை என்று நினைப்போம். கொச்சியிலிருந்து அரைப் பாகை சாய்வில் புறப்படும் ரேடார் அலை 100 கிலோமீட்டர் கடக்கும்போது, பூமியின் வளைவையும் சேர்த்து, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். நடுவில் நிற்கும் மலைத்தொடரில் ஆனைமுடி 2,695 மீட்டர், மீசப்புலிமலை 2,640 மீட்டர். அலை மலையில் முட்டி நின்றுவிட்டால் மறுபக்கம் என்ன பெய்கிறது என்பது அந்த ரேடாருக்குத் தெரியாது. அங்கே பூச வேண்டியது 'தெரியவில்லை' என்பதற்கான நிறம். பூசப்படுவதோ 'மழை இல்லை' என்பதற்கான நிறம். வானிலைத் துறையின் 1901 முதலான மழைத்தரவும் கால் பாகைக் கட்டங்களாக, அதாவது பக்கம் 27 கிலோமீட்டர் அளவில், நிரப்பப்பட்டது. குமுளிக்கும் கம்பத்துக்கும் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. மலைக்கு மேலே சாரல் அடிக்கும், கீழே இறங்கினால் புழுதி பறக்கும். கட்டமோ இரண்டையும் ஒரே சராசரியாக்கிவிடும். நாடு தழுவிய ஆய்வுக்கு அது அருமையான தரவு. அதை வைத்துக்கொண்டு கம்பத்துத் தோட்டத்துக்கு மழைக் கணக்குச் சொன்னால் விவசாயி சிரிப்பார்.

அளந்ததையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டும் கவனத்தை விடாமல் கடைப்பிடிக்கும் ஒரு கூட்டம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும், எதிர்ப்பும் வழக்குமாக அது நின்றுபோனதும் ஊரறிந்த செய்தி. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. அந்த ஆய்வகத்துக்கு முன்மாதிரியாக மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறிய கருவி 2018 முதல் இயங்கிவருகிறது: காந்தமாக்கப்பட்ட 11 இரும்பு அடுக்குகள், இடையிடையே 10 உணர்கருவி அடுக்குகள். வானிலிருந்து வரும் மியூவான் துகள் ஊடுருவும்போது, ஒவ்வோர் அடுக்கிலும் சுமார் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை மின்துடிப்பைத் தருகிறது. கணினித் திரையில் தெரிவது அதிகபட்சம் பத்துப் புள்ளிகள். அவற்றின் வழியே ஒரு வளைகோட்டைக் கணினி பொருத்துகிறது. கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதிலிருந்து துகளின் மின்னூட்டம் நேரா, எதிரா என்று முடிவாகிறது. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தபோது, நியான் குழல்கள் மின்னியதைப் புகைப்படமாகவே எடுத்தார்கள். இன்று புகைப்படம் கிடையாது, எல்லாம் கணினி வரைவதுதான். ஆனாலும் அந்த ஆய்வாளர்களிடம் புள்ளியும் கோடும் ஒன்றாகிவிடுவதில்லை. புள்ளி அளந்தது, கோடு பொருத்தியது, அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஓர் எண்ணும் கூடவே இருக்கும். மிகுந்த ஆற்றலோடு வரும் துகள் ஏறக்குறைய நேராகவே போய்விடும். அப்போது வலமா இடமா என்று அடித்துச் சொல்ல மாட்டார்கள். யாருக்கும் உயிர் ஆபத்தில்லாத ஒரு துகளுக்கு இவ்வளவு எச்சரிக்கை. தீக்கும் வெள்ளத்துக்கும் வரையும் படத்தில் அது ஏன் காணாமல்போகிறது?

சாதாரண மக்களுக்கு இதெல்லாம் குழப்பம், சிவப்பு என்றால் ஓடு, பச்சை என்றால் இரு என்பதே போதும் என்பார்கள். ஓட வேண்டிய நேரத்துக்கு அது சரிதான். வானிலைத் துறையின் நான்கு நிற எச்சரிக்கை அதற்காகவே இருக்கிறது. அதில் கூடுதல் விவரத்தைத் திணிப்பது தவறு. ஆனால் அது முடிவைச் சொல்லும் படம். தரவைக் காட்டும் படத்தின் வேலை வேறு. அதை நிதானமாகப் பார்க்க நேரமிருக்கிறது. நிச்சயமில்லாததை மக்கள் தாங்க மாட்டார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. பழுத்து நிற்கும் பன்னீர் திராட்சையை இன்றே வெட்டுவதா, மழை தப்பும் என்று நம்பி இரண்டு நாள் விடுவதா என்று முடிவெடுக்கும் கம்பத்து விவசாயிக்கு, 'வரலாம், வராமலும் போகலாம்' என்ற கணக்கை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. தீப்புள்ளிக்குப் பதிலாக 375 மீட்டர் கட்டத்தையே மெல்லிய நிறத்தில் வரைந்து, செயற்கைக்கோள் பார்த்த நேரத்தையும் அதன்மேல் எழுதினால் அவருக்குப் புரியும். ரேடார் எட்டாத இடத்தில் சாம்பல் கோடு போட்டால் அதுவும் புரியும்.

புரியாமல் போவது ஒன்றுமே சொல்லாத படங்களால்தான். முல்லைப் பெரியாறு பேச்சு எழும்போதெல்லாம் அணை உடைந்து வெள்ளம் பாயும் அசைபடங்கள் கைபேசிகளில் சுற்றுகின்றன. அவ்வளவு வழவழப்பாக ஓடும் நீரைப் பார்த்தால் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றும். உண்மையான அணை உடைப்புக் கணக்குக்கு, நீர் 136 அடியில் நின்றதா 142 அடியிலா, உடைப்பின் அகலம் எவ்வளவு, அது முழுதாகத் திறக்க எத்தனை நிமிடம் என்பதெல்லாம் வேண்டும். இவற்றில் நீர்மட்டத்தை மட்டும்தான் அளந்து சொல்ல முடியும். மற்றவை கணக்கிடுகிறவரின் ஊகம். நிலத்தின் உயரத்துக்கு அந்த 2000-ஆம் ஆண்டு ரேடார் தரவை எடுத்திருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: அடர்ந்த காட்டில் ரேடார் அலை பெரும்பாலும் தரையை எட்டாமல் மர உச்சியை ஒட்டியே திரும்பிவிடும், ஆகவே அந்தத் தரவில் காட்டுத் தரை உள்ளதைவிட உயரமாகத் தெரியும். அணைக்குக் கீழே பெரியாறு இடுக்கியை நோக்கி ஓடும் வழியில் ஒரு பகுதி அப்படிப்பட்ட காட்டுக்குள்தான். இந்த எண்களை மாற்றி மாற்றி நூறு முறை ஓட்டினால் வெள்ளத்தின் எல்லை நூறு விதமாக வரும். அந்த நூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எத்தனை ஓட்டங்களில் ஓரிடம் மூழ்கியது என்பதை நிறத்தின் அடர்த்தியால் காட்ட முடியும். இன்றைய சாதாரணக் கணினிக்கே அது ஆகிற வேலை. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைபேசியில் பகிரப்படும் அசைபடங்களில் வெள்ளத்தின் கரை ஒரே கூரான கோடாகத்தான் இருக்கிறது.