சமூக அறிவியல் ஆய்வில் புள்ளியியல் அடிப்படைக் கருத்துகள்: பொருளும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

வினாநிரல் வழித் தரவு திரட்டும் ஆய்வுகள் சமூகவியல், கல்வியியல், சமூக மொழியியல், நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளில் பெருகியுள்ளன. கணினி மென்பொருள்கள் கணக்கீட்டை எளிதாக்கிவிட்டன. எனினும், கிடைத்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டும். அளவீட்டு நிலை, மையப்போக்கு, சிதறல், கூறெடுப்பு, மிகைகாண் சோதனை, ஒட்டுறவு ஆகிய ஆறு அடிப்படைக் கருத்துகளை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: அளவீட்டு நிலை, இடைநிலை அளவு, திட்ட விலக்கம், கூறெடுப்பு, மிகைகாண் சோதனை, ஒட்டுறவு.

முன்னுரை

புள்ளியியல் என்றதும் சூத்திரங்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் சமூக அறிவியல் ஆய்வேடுகளில் காணப்படும் பிழைகளுள் பல கணக்கீட்டுப் பிழைகள் அல்ல. பொருள்கோள் பிழைகள் ஆகும். கூட்டலும் வகுத்தலும் சரியாக இருக்க, அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தவறாக அமைந்துவிடுகிறது. அம்முடிவு ஒரு சமூகத்தைப் பற்றியதாகவோ அரசின் திட்டத்தைப் பற்றியதாகவோ இருக்கும்போது, அதன் விளைவு ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை.

அளவீட்டு நிலைகள்

எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் அளவீட்டை நான்கு நிலைகளாக வகைப்படுத்தினார். அவை பெயரளவு அளவீடு, தரவரிசை அளவீடு, இடைவெளி அளவீடு, விகித அளவீடு என்பனவாகும். தாய்மொழி, சமயம், மாவட்டம் முதலியன பெயரளவு நிலையின. தமிழுக்கு 1, தெலுங்குக்கு 2, உருதுக்கு 3 எனக் குறியீடு இட்டாலும் அவை பெயர்களே. அவற்றுக்குச் சராசரி காண்பதில் பொருளில்லை. மென்பொருளோ கேட்டால் ‘1.7’ எனச் சராசரியைத் தந்துவிடும். அது எந்த மொழியையும் குறிக்காது.

‘முழுமையாக உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான ஐந்து நிலை விடைகள் தரவரிசை நிலையின. அவற்றுள் முன்பின் உண்டு. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொலைவு சமம் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே தனி வினா ஒன்றின் விடைகளுக்குச் சராசரியைவிட, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர் உள்ளனர் என்னும் அலைவெண்ணும் இடைநிலை அளவும் பொருத்தமானவை. செல்சியஸ் வெப்பநிலை இடைவெளி நிலைக்கும், வயது, வருமானம், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை ஆகியன விகித நிலைக்கும் எடுத்துக்காட்டுகளாகும்.

மையப்போக்கு அளவைகள்

கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகிய மூன்றும் தரவின் மையத்தைக் காட்டுவன. ஒரு தெருவில் ஏழு குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் மாத வருமானம் முறையே ரூ.8,000, 9,000, 9,000, 10,000, 11,000, 12,000, 95,000. கூட்டுத்தொகை ரூ.1,54,000, சராசரி ரூ.22,000. ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு ரூ.10,000. மிகுதியும் இடம்பெறும் முகடு ரூ.9,000.

ஏழில் ஆறு குடும்பங்கள் சராசரிக்கு மிகக் கீழே உள்ளன. ‘இத்தெருவின் சராசரி வருமானம் ரூ.22,000’ என்னும் கூற்று கணக்கில் சரி. ஆனால் அங்கு வாழ்வோர் நிலையை அது மறைத்துவிடுகிறது. ரூ.15,000 வருமான வரம்புடைய உதவித் திட்டம் ஒன்றுக்கு இத்தெரு தகுதியுடையதா என்று சராசரியைக் கொண்டு முடிவு செய்தால், ஆறு குடும்பங்கள் விடுபட்டுப் போகும். வருமானம், நிலவுடைமை, கடன் போன்ற ஒருபுறம் சாய்ந்த பரவலுடைய மாறிகளுக்குச் சராசரியுடன் இடைநிலை அளவையும் தருவதே முறையாகும்.

சிதறல்

ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் 48, 49, 50, 51, 52. மற்றொரு வகுப்பின் மதிப்பெண்கள் 10, 30, 50, 70, 90. இரண்டிலும் சராசரி 50. ஆயினும் முதல் வகுப்பின் திட்ட விலக்கம் 1.41, இரண்டாவதன் திட்ட விலக்கம் 28.28. ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கப்படுத்திக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் காண்பதால் இவை பெறப்படுகின்றன. கூறு ஒன்றிலிருந்து முழுமைத்தொகுதியின் விலக்கத்தை மதிப்பிடும்போது, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும். இரு வகுப்புகளுக்கும் ஒரே கற்பித்தல் முறை பொருந்தாது என்பதைச் சராசரி சொல்வதில்லை, சிதறலே சொல்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1000 ஆண்களுக்கு 996 பெண்கள் இருந்தனர். இது ஏறத்தாழச் சமநிலை. ஆனால் 0–6 வயதுப் பிரிவில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர். முதலாவது எல்லா வயதினரையும் அடிப்படையாகக் கொண்டது. முதுமையில் பெண்கள் மிகுதியாக உயிர்வாழ்வதும் அதில் கலந்துள்ளது. கருவில் பாலினத் தேர்வு, பெண் குழந்தை இறப்பு ஆகியவற்றின் தாக்கத்தை ஆராய்வதற்கு இரண்டாவதே உரியது. அந்த 943உம் மாநிலம் முழுமைக்குமான ஒற்றை எண்ணே. கடலூர் மாவட்டத்தில் அது 896, நீலகிரியில் 985. மாநில எண்ணை மட்டும் நோக்குவோர்க்குக் கடலூரின் நிலை தெரியவராது.

கூறெடுப்பு

முழுமைத்தொகுதியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தெரிவு செய்யப்படும் வாய்ப்பு இன்னதென அறியத்தக்கதாய் இருப்பதே நிகழ்தகவுக் கூறெடுப்பு. இந்தியாவில் பி.சி. மகலனோபிசு முன்னெடுத்த கூறாய்வுகளும் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் இம்முறையை நாட்டளவில் நிலைநிறுத்தின.

கூறின் அளவு பெரிதாக இருந்தால் முடிவு சரியாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றது. லாண்டன் வெல்வார் எனக் கணித்தது. ரூசுவெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார். தொலைபேசி, மகிழுந்து உடையோரின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டமையும், விடை அனுப்பியோர் அனுப்பாதோரிடமிருந்து வேறுபட்டமையும் இப்பிழைக்குக் காரணங்களாகும்.

இன்று கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து விடை திரட்டும் ஆய்வுகளுக்கும் இக்குறை பொருந்தும். ‘தமிழக இளைஞர்கள்’ எனத் தலைப்பிட்டு, ஆய்வாளரின் நண்பர் வட்டத்தை அளப்பதாகவே அவை முடியலாம். சார்பற்ற எளிய கூறெடுப்பில் 400 பேரிடம் பெறும் விழுக்காட்டுக்கு, 95 விழுக்காட்டு நம்பிக்கை மட்டத்தில், பிழை வரம்பு ஏறத்தாழ ±5 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை அமையும். அதைப் பாதியாக்க 1600 பேர் தேவை. ஆனால் தெரிவில் உள்ள சார்பை எண்ணிக்கையை உயர்த்திப் போக்க இயலாது.

மிகைகாண் சோதனை

இரு குழுக்களிடையே வேறுபாடு இல்லை என்பது போன்ற கூற்று இன்மைக் கருதுகோள் எனப்படும். அது உண்மையெனக் கொண்டால், நாம் கண்ட அளவோ அதனினும் மிகுந்த அளவோ வேறுபாடு தற்செயலாய்த் தோன்றும் நிகழ்தகவே பி-மதிப்பு. அது 0.03 என்றால், இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு 3 விழுக்காடு என்பது பொருளன்று. 0.05ஐவிடக் குறைந்த பி-மதிப்பு வேறுபாடு பெரியது என்பதையும் காட்டாது. கூறு மிகப் பெரிதாயின் அற்பமான வேறுபாடும் சோதனையில் தேறிவிடும். ஆகவே பி-மதிப்புடன் வேறுபாட்டின் அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் தருதல் வேண்டும்.

ஒட்டுறவும் காரணமும்

இரு மாறிகள் சேர்ந்து ஏறியிறங்குவதை −1 முதல் +1 வரையிலான ஒட்டுறவுக் கெழு காட்டுகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என அது நிறுவாது; இரண்டையும் மூன்றாவது காரணி ஒன்று இயக்கலாம். மேலும், எந்த அலகில் அளந்தோமோ அந்த அலகுக்கே கெழு உரியது. 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு டபிள்யூ.எஸ். ராபின்சன் 1950இல் இதை நிறுவினார். மாநிலங்களை அலகாகக் கொண்டபோது, அயல்நாட்டில் பிறந்தோர் விகிதத்துக்கும் எழுத்தறிவின்மைக்கும் ஒட்டுறவு ஏறத்தாழ −0.53. தனிமனிதரை அலகாகக் கொண்டபோதோ அது +0.12 ஆயிற்று. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறியோர் மிகுதியாக வாழ்ந்தமையே இம்முரணுக்குக் காரணம். மாவட்டத் தரவைக் கொண்டு தனிமனிதரையோ ஒரு சாதியினரையோ பற்றி முடிவுரைப்போர் இவ்வாய்வை மனங்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

எந்த அளவீட்டு நிலை, எந்த அடிப்படைத் தொகை, எவ்வளவு சிதறல், எவ்வாறு பெற்ற கூறு, எந்த அலகு என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை கூறிய பின்னரே ஓர் எண் ஆய்வுச் சான்றாகிறது. 12 பேரில் 7 பேர் கூறியதை ‘58.33 விழுக்காடு’ என எழுதுவதைவிட ‘12 பேரில் 7 பேர்’ என எழுதுவதே நேர்மையானது. ஆய்வேட்டின் அட்டவணைகளை நெறியாளரும் மாணவரும் இவ்வைந்து வினாக்களோடு ஒருமுறை சேர்ந்து படிப்பார்களாயின், வாய்மொழித் தேர்வுக்கு முன்பே பல பிழைகள் களையப்படும். கருதுகோள் வகுக்கும் நிலையிலேயே இவற்றை எழுப்பினால், தரவு திரட்டிய பின் திருத்த இயலாத குறைகளையும் தவிர்க்கலாம்.