எண்ணெய் இருந்தது, ரயிலும் இருந்தது... சோவியத் யூனியனில் டேங்கர் வேகனுக்கு மட்டும் ஏன் தட்டுப்பாடு?

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, உருளை உருளையாக டேங்கர் வேகன்கள் கடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்னும் எத்தனைதான் இருக்கு?' என்று சலித்துக்கொண்டே எண்ணியும் இருப்பீர்கள்.

1950-களில் இதே எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ மெனக்கெட்டது. சோவியத் யூனியனிடமும் அதன் கிழக்கு ஐரோப்பிய நட்பு நாடுகளிடமும் எத்தனை டேங்கர் வேகன்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு கொள்ளும் என்பதற்கெல்லாம் ரகசிய அறிக்கைகள் தயாரானது.

காரணம் எளிமையானது. அப்போது சோவியத் அரசு பொருளாதாரப் புள்ளிவிவரங்களைப் பூட்டி வைத்திருந்தது. 1930-களின் பிற்பகுதியில் நின்றுபோன புள்ளிவிவரத் தொகுப்பு நூல், 1956-ல்தான் மறுபடியும் வெளிவந்தது. எண்ணெய்க் கிணற்றை மறைக்கலாம். ஆனால் தண்டவாளத்தில் ஓடும் வேகனை எப்படி மறைப்பது? எத்தனை வேகன் ஓடுகிறது என்று தெரிந்தால், ராணுவத்துக்கும் ஆலைகளுக்கும் எவ்வளவு எரிபொருள் போய்ச் சேர முடியும் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

அந்தக் கணக்கு இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கிறது. எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலை, ரயில், வேகன் செய்யும் தொழிற்சாலை என எல்லாமே ஒரே அரசின் கையில் இருந்தன. அப்படியிருந்தும் டேங்கருக்கு ஏன் தட்டுப்பாடு வந்தது?

பீப்பாய்க்கு விடை கொடுத்த நோபல்

கதை தொடங்குவது இன்றைய அஜர்பைஜானின் தலைநகரான பாகுவில். 1870-களில் அங்கிருந்து மண்ணெண்ணெய் மரப் பீப்பாய்களில்தான் போனது. பீப்பாய் ஒழுகும், உடையும். சுற்றுவட்டாரத்தில் மரம் குறைவு என்பதால் விலையும் அதிகம்.

இதை மாற்றியவர் லுட்விக் நோபல். நோபல் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபலின் அண்ணன். 1878-ல் 'சொராஸ்டர்' என்ற எண்ணெய்க் கப்பலைக் காஸ்பியன் கடலில் இறக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ரஷ்ய ரயில் பாதைகளில் டேங்கர் வேகன்களையும் ஓடவிட்டார். 1883-ல் பாகுவையும் கருங்கடல் துறைமுகமான பட்டூமியையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்ததும், பாகு எண்ணெய்க்கு உலகச் சந்தை திறந்தது.

1917 புரட்சிக்குப் பிறகு எல்லாம் மாறியது. 1918 ஜூனில் எண்ணெய்த் தொழில் நாட்டுடைமை ஆனது. 1920 ஏப்ரலில் செஞ்சேனை பாகுவுக்குள் நுழைந்தது. கிணறுகளோடு வேகன்களும் அரசுக்குச் சொந்தமாயின.

கடலில் மிதந்த ரயில் வேகன்கள்

1940-ல் சோவியத் யூனியன் எடுத்த எண்ணெய் 3.11 கோடி டன். அதில் 70 சதவீதத்துக்கும் மேல் அஜர்பைஜானிலிருந்து வந்தது. அதாவது, ஒரு பெரிய தேசத்தின் எரிபொருள் ஒரு மூலையில் இருந்து கிளம்பி, சில ரயில் பாதைகள் வழியாகவும் வோல்கா நதி வழியாகவும் போய்ச் சேர வேண்டியிருந்தது.

இது எவ்வளவு ஆபத்து என்பது 1942-ல் தெரிந்தது. ஜூலையில் ரோஸ்டோவ் நகரம் ஜெர்மனியிடம் விழுந்தது. காகசஸிலிருந்து வடக்கே போகும் முக்கிய ரயில் பாதை துண்டானது. ஆகஸ்டில் ஜெர்மன் படை ஸ்டாலின்கிராடுக்கு அருகே வோல்கா கரையைத் தொட்டது. நதி வழியும் நெருப்புக்குள் சிக்கியது.

மிச்சமிருந்த பெரிய வழி, காஸ்பியன் கடலைக் கடந்து கிழக்குக் கரையில் உள்ள கிராஸ்னவோட்ஸ்க் போய் (இன்றைய துர்க்மெனிஸ்தானின் துர்க்மென்பாஷி), அங்கிருந்து மத்திய ஆசியாவைச் சுற்றிக்கொண்டு ரயிலில் வருவது. கடலைக் கடக்கப் போதுமான கப்பல்கள் இல்லை. அப்போது செய்த காரியம் இன்று கேட்டாலும் நம்பக் கஷ்டம்தான். டேங்கர் வேகன்களைச் சக்கரத்தோடு சேர்த்துக் கடலில் இறக்கினார்கள். இறுக மூடிய டேங்க் ஒரு மிதவை மாதிரிதானே? அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, இழுவைக் கப்பலில் கட்டி அக்கரைக்கு இழுத்துப் போனார்கள்.

இவ்வளவு செய்தும் சேதத்தைத் தடுக்க முடியவில்லை. 1941-ல் 2.35 கோடி டன்னாக இருந்த அஜர்பைஜானின் எண்ணெய் உற்பத்தி, 1945-ல் 1.15 கோடி டன்னாகச் சுருங்கியது. ஜெர்மானியர் கையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் கிணறுகளை மூடியது, ஆட்களையும் கருவிகளையும் கிழக்கே அனுப்பியது, எடுத்த எண்ணெயை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் போனது எல்லாமே காரணங்கள்.

போர்க்காலத்தில் அமெரிக்கா 1,900-க்கும் அதிகமான நீராவி என்ஜின்களையும் சுமார் 11,000 வேகன்களையும் சோவியத்துக்கு அனுப்பியது. அதில் டேங்கர் வேகன்கள் எத்தனை தெரியுமா? வெறும் 120.

காலியாகத் திரும்பும் கணக்கு

சரி, போர் முடிந்த பிறகாவது நிலைமை சரியாகியிருக்க வேண்டாமா? உற்பத்தி என்னவோ எகிறியது. 1950-ல் 3.79 கோடி டன், 1960-ல் 14.8 கோடி டன். பத்தே வருடத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

ஒரு வேகனில் 60 டன் என்று வைத்துக்கொண்டால், 14.8 கோடி டன்னை ஒரே ஒரு தடவை ஏற்றவே சுமார் 25 லட்சம் வேகன் லோடு வேண்டும். கச்சா எண்ணெய் ஆலைக்குப் போய், அங்கிருந்து பெட்ரோலாகவும் டீசலாகவும் மறுபடி கிளம்ப வேண்டும். அப்போதைக்கு இந்தச் சுமையில் பெரும்பங்கு ரயில் மீதுதான் இருந்தது.

இங்கேதான் டேங்கருக்கே உரிய சிக்கல் வருகிறது. மூடிய சாதா வேகனில் சிமென்ட் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது தானியம் ஏற்றி வரலாம். டேங்கரில் அது நடக்காது. டீசல் இறக்கிய டேங்கர் பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பும். 60 டன் கொள்ளும் வேகனின் சொந்த எடையே 20 டன்னுக்கு மேல். அவ்வளவு இரும்பையும் சும்மா இழுத்து வர வேண்டும்.

ஒரே டேங்கரில் எல்லா எண்ணெயையும் மாற்றி மாற்றி ஊற்றவும் முடியாது. உலை எண்ணெய் ஏற்றிய வேகனில் பெட்ரோல் ஏற்ற வேண்டுமென்றால், நீராவி பாய்ச்சிக் கழுவ வேண்டும். அதற்கென்றே தனி நிலையங்கள் இருந்தன. குளிர்காலத்தில் உலை எண்ணெய் கட்டியாகிவிடும். சூடாக்கி இளக்கினால்தான் வால்வு வழியாக இறங்கும். அந்த நேரம் முழுக்க வேகன் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நின்றால் என்ன நஷ்டம்? ஒரு சின்ன உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வேகன் ஏற்றி, இறக்கி, திரும்பிவர 10 நாள் என்றால் வருடத்துக்கு 36 நடை. 60 டன் வீதம் 2,160 டன். 10 லட்சம் டன் எண்ணெயை நகர்த்த சுமார் 463 வேகன் போதும். அதுவே 12 நாள் ஆனால் வருடத்துக்கு 30 நடைதான். இப்போது 556 வேகன் தேவை. இரண்டே இரண்டு நாள் தாமதத்துக்கு 93 வேகன் கூடுதல் செலவு!

முதலாளி ஒருவர், கணக்கு பல

அந்த இரண்டு நாளை யார் மிச்சப்படுத்துவது? சோவியத் அமைப்பு இந்தக் கேள்வியில்தான் தடுமாறியது.

எல்லாம் அரசுடையது என்றாலும், ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் தனித்தனி இலக்கு. மாஸ்கோவில் இருந்த திட்டக் குழுவான 'கோஸ்பிளான்' இலக்குகளைத் தொகுக்கும். ரயில்வேக்கு முக்கிய அளவுகோல் டன்-கிலோமீட்டர். அதாவது, எத்தனை டன்னை எத்தனை கிலோமீட்டர் இழுத்தாய் என்பது.

60 டன்னை 500 கி.மீ. தள்ளி உள்ள ஊருக்குக் கொண்டுபோனால் 30,000 டன்-கி.மீ. அதே எண்ணெயைச் சுற்றி வளைத்து 1,500 கி.மீ. கொண்டுபோனால் 90,000. நாட்டுக்கு நஷ்டம், ஆனால் ரயில்வேயின் இலக்கு மூன்று மடங்கு வேகமாக நிறையும். தேவையில்லாத தூரப் பயணம் பற்றியும், ஒரே சரக்கு எதிரெதிர் திசையில் போய்வருவது பற்றியும் சோவியத் பத்திரிகைகளே திரும்பத் திரும்பப் புலம்பின.

எடையில் இலக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதை குருஷேவே ஒருமுறை கிண்டலடித்தார். சரவிளக்கு ஆலைகளுக்கு எடைக் கணக்கில் இலக்கு கொடுத்ததால், விளக்குகள் கனமாகிக்கொண்டே போகின்றன என்பதுதான் அவருடைய புகார்.

எண்ணெய் வாங்கும் இடத்தில் வேறு கதை. அடுத்த சப்ளை எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. எனவே கையில் கிடைத்ததைப் பதுக்குவதே புத்திசாலித்தனம் ஆனது. சேமிப்புத் தொட்டி போதாத இடத்தில், நிற்கும் டேங்கரே தொட்டி! தாமதத்துக்கு அபராதம் உண்டு. ஆனால் அரசு நிறுவனம் அரசு ரயில்வேக்குக் கட்டும் அபராதம் யாரை உறுத்தும்? மாதக் கடைசியில் இலக்கை முடிக்க அடித்துப்பிடித்து அனுப்பும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரே நேரத்தில் வேகன்கள் குவிந்து, இறக்க ஆளில்லாமல் வரிசையில் நின்றன.

இதில் யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. ரயில்வே தன் இலக்கை முடித்தது, ஆலை தன் இலக்கை முடித்தது, டிப்போ தன் கையிருப்பைக் காப்பாற்றியது. ஆனால் விதைப்பு நேரத்தில் டிராக்டருக்கு டீசல் வரவில்லை என்றால், அதற்குப் பொறுப்பாளி யார் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது.

குழாய் வந்த பிறகு

தீர்வு இரண்டு பக்கமிருந்து வந்தது. ஒன்று, பெரிய வேகன். 1960-களில் ஸ்தானவ் நகர ஆலை, 120 டன் ஏற்றும் எட்டு அச்சு டேங்கர்களைத் தயாரித்தது.

இன்னொன்று, குழாய். குழாய்க்குக் காலியாகத் திரும்பும் பயணமே கிடையாது. 1960-ல் கட்டத் தொடங்கிய 'துருஷ்பா' (நட்பு) குழாய் 1964-ல் முழுமையாக இயங்கத் தொடங்கி, சோவியத் எண்ணெயைப் போலந்து, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி வரை கொண்டுபோனது. வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1962 நவம்பரில் நேட்டோ நாடுகள் பெரிய விட்டக் குழாய்களை சோவியத்துக்கு விற்கத் தடை போட்டன. மேற்கு ஜெர்மனியின் ஒப்பந்தங்கள் ரத்தாயின. அடுத்த ஆண்டு செல்யாபின்ஸ்க் ஆலை சொந்தமாகவே அத்தகைய குழாயைத் தயாரித்தது. முதல் குழாயில் மேற்கு ஜெர்மனியின் அதிபர் அடேனாயரைச் சீண்டித் தொழிலாளர்கள் வாசகம் எழுதினார்கள். ரஷ்ய மொழியில் 'துருபா' என்றால் குழாய். பேச்சுவழக்கில் 'கதை முடிஞ்சுது' என்றும் அர்த்தம்!

ஆனாலும் டேங்கர் வேகன் ஓயவில்லை. குழாய் ஆலை வரை போகும், ஒவ்வொரு ஊர் டிப்போவுக்கும் போகாது. கச்சா எண்ணெய் குழாய்க்கு மாறிய பிறகும், பெட்ரோலும் டீசலும் உலை எண்ணெயும் தண்டவாளத்தையே நம்பியிருந்தன.

இன்றைக்கு?

1991-ல் சோவியத் சிதறியபோது வேகன்களும் பல நாடுகளுக்குப் பிரிந்தன. ரஷ்யாவில் டேங்கர்களில் பெரும்பகுதி பின்னாளில் தனியார் கைக்குப் போனது. ஸ்தானவ் நகரம் தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. அந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: 2022 போரில் தரைமட்டமான மரியுபோல்.

அதே போரில், ரஷ்யாவின் எரிபொருள் ரயில்கள் தாக்குதலுக்கு இலக்காகிவருகின்றன. எத்தனை டேங்கர் ஓடுகிறது என்பது இப்போதும் ராணுவங்கள் கவனிக்கும் கணக்காகவே இருக்கிறது.

அடுத்த முறை ரயில்வே கேட்டில் டேங்கர் ரயில் போகும்போது, எத்தனை வேகன் என்று மட்டும் எண்ணாதீர்கள். போகும்போது நிறைந்திருக்கிறதா, திரும்பும்போது காலியா, எங்கேயாவது எத்தனை நாள் நின்றது என்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு வல்லரசின் திட்டக் குழுவால் கடைசிவரை சரிக்கட்ட முடியாமல் போன கணக்கு அதுதான்.