புற வன்தட்டில் இரண்டாம் இயங்குதளம் நிறுவுதல்

கணினியின் உள் வன்தட்டில் ஓர் இயங்குதளம் இருக்க, யுஎஸ்பி வழியாக இணைக்கும் புற வன்தட்டில் மற்றோர் இயங்குதளத்தை நிறுவி, வேண்டும்போது அதிலிருந்து கணினியைத் துவக்குவது இம்முறையாகும். தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் அருகருகே இருந்தன. அதற்கு வட்டைப் பிரிக்க வேண்டும்; இதற்கு உள் வட்டைத் தொட வேண்டியதில்லை. வீட்டில் இருப்பது ஒரே கணினி, அதில் அப்பாவின் கணக்குகளும் அக்காவின் ஆய்வேடும் இருக்கின்றன என்றால், லினக்ஸ் பழக விரும்பும் மாணவருக்கு இதுவே ஏற்ற வழி.

புற வட்டுக்கு லினக்ஸே பொருந்தும். விண்டோஸின் நிறுவி யுஎஸ்பி வட்டை ஏற்பதில்லை. அதற்கென இருந்த 'விண்டோஸ் டு கோ' வசதியையும் மைக்ரோசாப்ட் 2020இல் நீக்கிவிட்டது.

உபுண்டுவுக்கு 25 ஜிபி இடமாவது வேண்டும். நிறுவியை எழுத 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் தேவை. எழுதும்போது அதிலுள்ளவை அழிந்துவிடும். யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட், 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகம் கொண்டது. பழைய துளையில் செருகிவிட்டு 'லினக்ஸ் மெதுவாக இருக்கிறது' என்று குறைகூறுவோர் பலர். சுழலும் வட்டைவிட எஸ்எஸ்டி நல்லது.

கவனம் முழுவதும் இருக்க வேண்டிய இடம் துவக்க நிரல். இக்காலக் கணினிகள் யுஇஎஃப்ஐ முறையில் துவங்குகின்றன. வட்டில் இஎஃப்ஐ என்னும் சிறு பிரிவு ஒன்று இருக்கும். கணினி முதலில் தேடுவது அதைத்தான். லினக்ஸ் நிறுவிகள் சில, புற வட்டைத் தேர்ந்தெடுத்தாலும் 'கிரப்' என்னும் தம் துவக்க நிரலை உள் வட்டின் இஎஃப்ஐ பிரிவிலேயே எழுதிவிடுகின்றன. அன்று எல்லாம் சரியாகவே ஓடும். மறுநாள் புற வட்டு இல்லாமல் அக்கா கணினியைத் திறந்தால் கருந்திரையில் 'கிரப்' என்ற எழுத்துகள் மட்டும் நிற்கும்.

இதைத் தவிர்க்க உறுதியான வழி, நிறுவி முடிக்கும்வரை உள் வட்டைக் கழற்றி வைப்பது அல்லது, வசதி இருந்தால், கணினியின் அமைப்புத் திரையில் அதை முடக்குவது. இரண்டும் இயலாவிட்டால் கைமுறைப் பிரிப்பைத் தேர்ந்தெடுங்கள். புற வட்டில் 512 எம்பி அளவில் தனி இஎஃப்ஐ பிரிவும், மீதியில் எக்ஸ்ட்4 பிரிவும் அமைத்து, துவக்க நிரலுக்கான இடமாகவும் புற வட்டையே காட்டுங்கள். வட்டுகளைப் பெயரால் அல்ல, கொள்ளளவால் அடையாளம் காண்பது நல்லது. இரண்டும் 1 டிபி என்றால் இருமுறை பாருங்கள். தவறான வட்டை அழித்தபின் திரும்பப் பெறுவது அரிது. ஆகவே முக்கியக் கோப்புகளை முன்னரே வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள்.

விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். துவக்க அமைப்பை மாற்றினால் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அதை முன்பே குறித்து வைக்காதவர்கள் தம் வீட்டுக்கே சாவி இல்லாமல் நிற்பார்கள்.

நிறுவி முடித்ததும் கணினியை அணைத்து, கழற்றிய உள் வட்டைத் திரும்பப் பொருத்துங்கள். புற வட்டைப் பிடுங்கிவிட்டு மீண்டும் போடுங்கள். விண்டோஸ் நேராக வந்தால் வேலை சரி. கருந்திரை வந்தாலும் பதற வேண்டாம். விண்டோஸ் கோப்புகள் அழிந்துவிடவில்லை. அமைப்புத் திரையின் துவக்க வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலிடத்துக்கு நகர்த்தினால் போதும். லினக்ஸ் வேண்டும்போது புற வட்டைச் செருகி, எஃப்12 அல்லது உங்கள் கணினிக்குரிய விசையை அழுத்தி அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பியை அசைத்துவிடாதீர்கள்.

லினக்ஸுக்குப் போய்வந்த பின் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தையும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வைப்பதே காரணம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.